இரண்டு பணமும் ஒரு வாக்கும்



சென்ற மாதம் இரண்டு ஞாயிறுகள் நான் பிரசங்க பீடத்தில் நிற்கவில்லை. மூன்றாம் ஞாயிறு நின்றபோதும் பத்து நிமிடங்களில் முடித்துக்கொண்டேன். உங்களில் பலர் அக்கறையோடு விசாரித்தீர்கள். "பல்வலி" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லி நகர்ந்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை இந்த வாரம் எழுதுகிறேன். அதில் நம் சபையின் சகோதரி ஒருவரும் இருக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார். ஆனால் நடந்ததை மறைக்க வேண்டாம், இன்னொருவருக்கு உதவட்டும் என்றும் சொன்னார்.

வலி ஒரு வியாழக்கிழமை இரவில் தொடங்கியது. கீழ்த்தாடையின் வலது கோடியில், ஞானப்பல் பாதி முளைத்துப் பாதி ஈறுக்குள் சாய்ந்து கிடந்த இடத்தில், சதை வீங்கியது. வெள்ளிக்கிழமை ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை. கிராம்பு வைத்தேன், உப்பு வெந்நீரில் கொப்பளித்தேன். சனிக்கிழமை காலை காய்ச்சலும் சேர்ந்துகொள்ளவே, பக்கத்திலிருந்த பல் மருத்துவரிடம் போனேன்.

அவர் இளையவர். முகத்தாடை முழுவதும் ஒரே படத்தில் தெரியும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்ன வார்த்தைகளை நான் மறக்கமாட்டேன். "ஐயா, இந்தப் பல்லை நான் எடுக்கமாட்டேன். வீக்கம் அடங்க மருந்து தருகிறேன். ஆனால் இதன் வேர் நரம்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறதுபோல் தெரிகிறது. இதை மதுரையில் வாய், முகத்தாடை அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவர் பார்க்க வேண்டும்." கையிலே வந்த வேலையை, அதற்குரிய கூலியோடு சேர்த்து, தன்னால் இயலாது என்று விட்டுக்கொடுக்கிறவர் எத்தனை பேர்? அன்று அந்த மருத்துவருக்காகத் தேவனைத் துதித்தேன்.

நரம்பைப்பற்றி அவர் விளக்கியதை, நம் பள்ளத்தாக்கின் மொழியில் சொல்கிறேன். கீழ்த்தாடை எலும்புக்குள்ளே ஒரு மெல்லிய கால்வாய் ஓடுகிறது. அதன் வழியாகச் செல்லும் நரம்பே கீழ்வரிசைப் பற்களுக்கும், கீழுதட்டுக்கும், மோவாய்க்கும் உணர்ச்சியைக் கொண்டுசெல்கிறது. பதினெட்டாம் கால்வாயில் தலைப்பகுதியின் கரை உடைந்தால் என்ன ஆகும்? உடைந்த இடத்திலா பயிர் வாடுகிறது? கடைமடைக்காரனுடைய வயலில் அல்லவா வாடுகிறது? அப்படியே, கடைசிப் பல்லின் அடியில் நரம்பு நசுங்கினால், மரத்துப்போவது உதடும் மோவாயும். நாவுக்கு உணர்ச்சி தரும் வேறொரு நரம்பும் அதே பல்லின் உட்புறமாக, ஈறுக்கு அருகிலேயே செல்கிறது. அது காயப்பட்டால் நாவின் அந்தப் பக்கம் உணர்வையும் சுவையையும் இழக்கக்கூடும்.

இதைக் கேட்டதும் எனக்குள் அச்சம் பிடித்தது. ப, ம, வ எழுத்துகளுக்கு உதடு வேண்டும். ல, ள, ழ எழுத்துகளுக்கு நா வேண்டும். வாயைக் கொண்டு ஊழியம் செய்கிறவன் நான். பேசும் தசைகள் அசையாமல் போவதில்லை, உணர்ச்சிதான் குறையும் என்று மருத்துவர் சொன்னார். ஆனாலும் அன்றிரவு உறங்கவில்லை. மாத்திரையில் வீக்கம் அடங்கியதும், இனி வலிக்காது, விட்டுவிடலாம் என்று மனம் சாக்குத் தேடியது. வலி ஓய்ந்ததும் மறந்துவிடுவது மனித சுபாவம். ஆனால் ஈறுக்கும் பல்லுக்கும் இடையே உணவு தங்கிக்கொண்டே இருக்கும், வீக்கம் திரும்பத் திரும்ப வரும் என்று அவர் எச்சரித்திருந்தார். இது எனக்கு மூன்றாவது முறை.

ஆகவே விசாரிக்கத் தொடங்கினேன். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் மருத்துவப் பிரிவு உண்டு. எளியவர்கள் முதலில் போய்க் கேட்க வேண்டிய இடம் அது. நான் அங்கே போகவில்லை, மதுரைக்குத்தான் அனுப்பப்பட்டிருந்தேன். மதுரையில் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று நம் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. தனியார் நிபுணர்களும் பலர் உண்டு. தொலைபேசியில் கேட்டபோது ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் உட்பட 22,000 ரூபாய் ஆகும் என்றார்கள். ஒரு கல்லூரி மருத்துவமனையில் எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய்க்குள் முடியும், ஆனால் இரண்டு மூன்று முறை வர வேண்டியிருக்கும் என்றார்கள். வேறோர் இடத்தில், படமே பார்க்காமல், 2,000 ரூபாய்க்கு "ஒரே நாளில் எடுத்துவிடலாம்" என்றார்கள்.

என் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியிருந்த மாதம் அது. வீட்டில் இருந்தது நான்காயிரத்துச் சொச்சம். நம் சபைப் பொருளாளர் எப்படியோ அறிந்து, "ஐயா, சபை நிதியிலிருந்து கொடுக்கிறோம்" என்றார். நான் மறுத்துவிட்டேன். காணிக்கைப் பெட்டியில் விழுவது தோட்டத்துக் கூலியும் ஏலக்காய்க் கூலியும் என்று எனக்குத் தெரியும். என் பல்லுக்கு அதைத் தொடமாட்டேன் என்றேன். அதைத் தாழ்மை என்று எண்ணினேன். அது தாழ்மை அல்ல என்பதை எனக்குக் காட்டியவர் அந்தச் சகோதரி.

நம் ஊர்களில் விடியுமுன் ஜீப்புகள் கம்பம்மெட்டு ஏறுவதை நீங்கள் அறிவீர்கள். வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிற ஜீப்புகள் அவை. அந்தச் சகோதரி பல ஆண்டுகளாக அப்படி ஏறிப்போய் இருட்டில் திரும்புகிறவர். ஒரு மாலையில் மகனுடைய தேர்வுக்காக ஜெபிக்க வந்தார். என் கன்னத்து வீக்கத்தைக் கண்டு விசாரித்தார். நரம்பு, உதடு, மோவாய் என்று நான் சொல்லச் சொல்ல, அவருடைய கை தானாக எழுந்து தன் கீழுதட்டைத் தொட்டது.

"ஐயா, அதுதான் எனக்குப் போயிருச்சோ?"

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கும் அதே பல். வலி தாங்காமல் ஓரிடத்தில் எடுத்துக்கொண்டார். முகத்தாடைப் படம் எடுக்கவில்லை. வேலைக்குப் போகாத ஒரு நாளில் எடுத்து, மறுநாளே ஜீப் ஏறினார். ஊசியின் மரப்பு மறுநாளும் போகவில்லை, மறுவாரமும் போகவில்லை. தொலைபேசியில் கேட்டதற்கு, போகப்போகச் சரியாகிவிடும் என்று சொல்லிச் சத்து மாத்திரையின் பெயர் ஒன்றைச் சொன்னார்களாம். திரும்பிப் போய்க் காட்ட இன்னொரு நாள் கூலி போகும். போகவில்லை.

பிரியமானவர்களே, அதன்பின் அவர் சொன்னதுதான் என்னைக் குத்தியது. "அப்ப உங்ககிட்டத்தான் வந்து சொன்னேன் ஐயா. நீங்க ஜெபம் பண்ணி, பொறுமையா இருங்க, சரியாயிரும்னு சொன்னீங்க." குற்றஞ்சாட்டும் குரலில் சொல்லவில்லை. நான் ஜெபித்ததற்கு நன்றி சொல்லும் குரலில் சொன்னார். எனக்கு நினைவே இல்லை. ஜெபித்தேன், மறந்தேன்.

இன்னொன்றும் அன்று விளங்கியது. திருவிருந்தில் நான் பாத்திரத்தை நீட்டும்போது, இந்தச் சகோதரி பருகிய உடனே சேலைத் தலைப்பால் உதட்டையும் மோவாயையும் துடைத்துக்கொள்வார். ஒருமுறை அல்ல, இரண்டு மூன்று முறை துடைப்பார். இரண்டு ஆண்டுகளாக அதைப் பார்த்திருக்கிறேன். ஒரு துளியும் தரையில் விழக்கூடாது என்ற பயபக்தி என்று எண்ணி, மனத்துக்குள் மெச்சியும் இருக்கிறேன். அவர் துடைத்ததற்குக் காரணம் வேறு. உதட்டில் துளி நிற்கிறதா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலும் தெரியாது. சூடான தேநீர் உதட்டைச் சுட்டாலும் தெரியாது. தோட்டத்தில் மற்றப் பெண்களோடு அமர்ந்து உண்பதையே அவர் விட்டுவிட்டாராம். ஏறத்தாழ நூறு ஞாயிறுகள் அந்த முகத்துக்கு எதிரே நின்றிருக்கிறேன். ஒரு ஞாயிறும் கேட்கவில்லை.

மதுரைக்கு என்னோடு வந்து காட்டும்படி அவரை அழைத்தேன். செலவைப்பற்றிக் கவலைப்பட வேண்டாம், சபை பார்த்துக்கொள்ளும் என்றேன். அவர் தயங்கினார். "உங்களுக்கு ஐயா?" என்றார். நான் சபைப் பணத்தை வாங்கவில்லை என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "நீங்களே வாங்கக் கூச்சப்பட்டா, நாங்க எப்படி ஐயா வந்து கேக்குறது?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. போதகன் உதவியை மறுக்கும்போது, உதவி கேட்பது வெட்கம் என்று சபைக்குப் போதிக்கிறான். பிரசங்கத்தில் அவன் என்ன சொன்னாலும் மக்கள் கற்றுக்கொள்வது அதையே. அன்றிரவே பொருளாளரிடம் போய், இருவருக்குமாகப் பணம் கேட்டேன்.

தேனியிலிருந்து ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி உசிலம்பட்டி வழியாக, என் மனைவியும் அவரும் நானுமாக ஆரப்பாளையத்தில் போய் இறங்கினோம். கல்லூரி மருத்துவமனையில் முதலில் அவரைத்தான் பார்க்கச் சொன்னேன். மருத்துவர் பஞ்சின் நுனியால் அவருடைய மோவாயைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். பிறகு மழுங்கிய ஊசியால் தொட்டார். உணராத இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு வரைந்தார். கோடு முடிந்தபோது, உதட்டின் நடுவிலிருந்து வலது மோவாய்வரை ஒரு சிறு தீவைப்போல் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக அவர் சொல்லமுடியாமல் சுமந்ததற்கு அன்றுதான் ஓர் எல்லை வரையப்பட்டது. அவர் அழுதார்.

மருத்துவர் பொய்யான நம்பிக்கை தரவில்லை. இப்படி மரத்துப்போகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்ச்சி திரும்பிவிடும் என்றார். திறமையான கைகளிலும் இது நேரலாம் என்றார். ஆனால் ஊசியின் மரப்பு மறுநாளும் நீங்காவிட்டால், உடனே வந்து காட்ட வேண்டும். வேர்த்துண்டு எதுவும் நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். நரம்பைச் சீர்செய்ய வேண்டியிருந்தால் ஆரம்ப மாதங்களே ஏற்றவை என்றார். இரண்டு ஆண்டுகள் கடந்தபின் முழுமையாகத் திரும்புவது அரிது. கண்ணாடியை அருகில் வைத்து உண்ணவும், சூட்டை முதலில் இடப்பக்க உதட்டில் சோதிக்கவும், நல்ல பக்கத்தால் மென்று பழகவும் சொல்லிக்கொடுத்தார். அற்புதம் நடக்கவில்லை. நான் அதை எழுதாமல் விட்டால் உங்களுக்கு உண்மையற்றவனாவேன்.

பிறகு என் முறை. ஓ.பி.ஜி. படம் தட்டையானது. வேர் நரம்புக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா, தொடுகிறதா என்பதை அது தெளிவாகச் சொல்லாது. வேர் கால்வாயைக் கடக்கும் இடத்தில் கறுத்துத் தெரிந்தாலோ, கால்வாயின் வெள்ளைக்கோடு அறுந்து தெரிந்தாலோ, கால்வாயே வளைந்து தெரிந்தாலோ அவை ஆபத்தின் அடையாளங்கள். அப்போது முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். என் ஸ்கேனில் கால்வாயின் எலும்புச் சுவர் ஓரிடத்தில் இல்லவே இல்லை; வேர் நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"பல் முழுவதையும் எடுக்க வேண்டாம், தலையை மட்டும் எடுத்துவிட்டு வேரை விட்டுவிடலாம்" என்றார் மருத்துவர். கொரோனெக்டமி என்று அதற்குப் பெயர். பல்லின் மேற்பகுதியை அறுத்தெடுத்து, மீதியை எலும்பு மட்டத்துக்குக் கீழே தாழ்த்தி, ஈறை மூடித் தைத்துவிடுகிறார்கள். வேர் உள்ளேயே தங்கிவிடுகிறது. காலப்போக்கில் அதன்மேல் எலும்பு வளர்கிறது. இப்படிச் செய்வதால், ஆபத்து மிகுந்த பற்களில் நரம்புக் காயம் குறைவதாக 2005-இல் லண்டன் மருத்துவர்கள் ஓர் ஒப்பீட்டு ஆய்வில் காட்டினார்கள். இதற்கும் குறைகள் உண்டு. வேரில் சீழ் பிடித்திருந்தாலும், பல் ஆடினாலும் இது பொருந்தாது. அறுக்கும்போது வேர் அசைந்துவிட்டால் அதையும் எடுத்தே ஆக வேண்டும். விட்ட வேர் சிறிது சிறிதாக மேலேறி, பின்னொரு நாள் எடுக்க வேண்டிவரலாம். அப்படி ஏறும்போது அது நரம்பைவிட்டு விலகியிருக்கும் என்பது ஓர் ஆறுதல்.

ஒரு மிஷனரியின் நினைவு அப்போது வந்தது. 1871-ஆம் ஆண்டின் இறுதியில் தைவான் தீவில் இறங்கிய கனடா தேசத்து ஜார்ஜ் லெஸ்லி மெக்கே, ஊர் ஊராய்ச் சென்று சுவிசேஷத்தோடு பல்லும் பிடுங்கியவர். தம் கையால் 21,000-க்கும் மேற்பட்ட பற்களைப் பிடுங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். அந்நாளில் வலிக்கும் பல்லைப் பிடுங்குவதே இரக்கம். இன்று, பிடுங்காமல் எதை விடுவது என்று அறிவதும் இரக்கத்தின் பகுதியாகிவிட்டது. அறிவு வளரும்போது இரக்கத்தின் கடமையும் வளர்கிறது.

அறுவைச் சிகிச்சை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. வாயை மட்டும் மரக்கச் செய்தார்கள், நினைவோடுதான் இருந்தேன். திரும்பும் பேருந்தில் மனைவி மோர் கொடுத்தாள். குடித்தேன். ஆண்டிபட்டி தாண்டியபின்தான் கவனித்தேன்: சட்டையின் முன்பக்கம் முழுவதும் நனைந்திருந்தது. மோர் வழிந்தது எனக்குத் தெரியவே இல்லை. எதிர் இருக்கையிலிருந்த சகோதரி ஒன்றும் பேசாமல் தன் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அவர் பையில் எப்போதும் ஒன்றுக்கு இரண்டு கைக்குட்டைகள் இருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அந்த மரப்பு எனக்கு ஐந்து மணி நேரம். அவருக்கு இரண்டு ஆண்டுகள்.

இரவு பத்து மணிக்கு உதட்டில் எறும்பு ஊர்வதுபோல் உணர்ச்சி திரும்பியது. முழந்தாளிட்டேன். ஸ்தோத்திரம் சொல்ல வாய் திறந்தேன். ஆனால் அது எளிதாக வரவில்லை. என் உதடு தப்பியதற்குக் காரணம் என் விசுவாசம் அல்ல. ஒரு மருத்துவர் "நான் எடுக்கமாட்டேன்" என்றார்; எனக்குத் தொலைபேசியில் நான்கு இடங்களில் கேட்கத் தெரிந்தது; மூன்று நாள் ஊழியத்தை விட்டுப் போனாலும் என் மாத ஊதியம் நிற்கவில்லை. அவருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அவருக்கு இருந்திருக்க வேண்டியது ஒரு போதகன். அவனும் ஜெபித்துவிட்டுப் போய்விட்டான்.

லூக்கா பத்தாம் அதிகாரத்தின் நல்ல சமாரியனைப்பற்றி நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். எண்ணெயையும் திராட்சரசத்தையும் விளக்கியிருக்கிறேன்; சத்திரக்காரனிடம் கொடுத்த இரண்டு பணத்தையும் விளக்கியிருக்கிறேன். ஒரு பணம் என்பது, மத்தேயு எழுதிய திராட்சத்தோட்டக் கூலியாட்களின் உவமையில் வருகிறபடி, ஒரு நாள் கூலி. அப்படியானால் அவன் கொடுத்தது இரண்டு நாள் கூலி. திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே வாழ்கிற நமக்கு அந்தக் கணக்கு நன்றாகப் புரியும். ஆனால் அதற்கு அடுத்ததை நான் எப்போதும் விரைவாகக் கடந்துவிட்டேன். அதிகமாகச் செலவானால் தான் திரும்பி வரும்போது கொடுப்பதாக அவன் சொன்னான் அல்லவா? அவன் இரக்கம் அந்த ஓர் இரவோடு முடியவில்லை. திரும்பி வருவதாக ஒப்புக்கொண்டான். திரும்பி வருகிறவன் விசாரிப்பான்: காயம் ஆறியதா, பணம் போதுமானதாயிருந்ததா, இன்னும் என்ன குறை என்று கேட்பான்.

எண்ணெய் வார்க்க நமக்குத் தெரியும். ஜெபிக்கத் தெரியும், முதல் நாள் ஓடத் தெரியும், ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கத் தெரியும். திரும்பிப் போகத்தான் நமக்குத் தெரியவில்லை. ஜெபித்த விண்ணப்பத்தைத் தேவனிடம் ஒப்படைத்துவிட்டோம் என்று சொல்லி, அந்த மனிதரையும் மறந்துவிடுகிறோம். அது விசுவாசம்போல் தோற்றமளிக்கிற அலட்சியம். அதில் முதன்மையான குற்றவாளி நான்.

ஆகவே உங்களுக்குச் சில காரியங்களைச் சொல்லுகிறேன். ஞானப்பல் என்பதற்காகவே அதை எடுக்க வேண்டியதில்லை. நோயில்லாத ஞானப்பல்லைத் தொட வேண்டாம் என்றே பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. எடுக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். கீழ்த்தாடைப் பல்லானால், முகத்தாடைப் படம் எடுத்து நரம்பு எங்கே இருக்கிறது என்று காட்டும்படி கேளுங்கள். நெருக்கமாக இருந்தால், ஸ்கேன் தேவையா, வேரை விட்டுவிடும் முறை பொருந்துமா, யார் செய்யப்போகிறார்கள் என்று கேளுங்கள். ஸ்கேன், சிகிச்சை, மருந்து, மறுமுறை வருகை எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முன்னதாகவே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கோபுரம் கட்டுகிறவன் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்ப்பதை ஆண்டவரே உவமையாகச் சொன்னார், கேட்பதில் வெட்கமில்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், பல் சிகிச்சைகள் எல்லாம் அதில் அடங்கும் என்று நினைத்துக்கொண்டு போகாமல், அந்தந்த மருத்துவமனையிலேயே முதலில் விசாரியுங்கள். மறுநாளும் மரப்பு நீங்காவிட்டால் காத்திருக்காதீர்கள். அன்றே போய்க் காட்டுங்கள். அந்த ஒரு நாள் கூலியைச் சபை தரும்.

இது என் சொந்த வாக்கு அல்ல. கடந்த வாரம் சபைக் கமிட்டி கூடி ஒப்புக்கொண்டது. எங்கள் இருவருக்குமாகச் சபை நிதியிலிருந்து செலவான தொகை 8,350 ரூபாய். ஞாயிறன்று கணக்கு வாசிக்கும்போது, போதகரின் பல்லுக்கு என்ற வரியையும் சேர்த்தே வாசிக்கும்படி பொருளாளரைக் கேட்டிருக்கிறேன். யாரும் சிரித்தால் சிரிக்கட்டும். அதைக் கேட்டு யாரேனும் ஒருவர் தயங்காமல் வந்து கேட்டால் போதும். மேலும், ஜெபக் குறிப்பேட்டில் இனி ஒரு பத்தி கூடுதலாக இருக்கும். விண்ணப்பத்துக்கு எதிரே, யார், எந்த நாளில் திரும்பிப் போய் விசாரித்தார்கள் என்று எழுத வேண்டும். அந்தப் பத்தி வெறுமையாக இருந்தால், அந்த ஜெபம் இன்னும் முடியவில்லை.

சென்ற ஞாயிறு திருவிருந்து நடந்தது. அந்தச் சகோதரி பீடத்தண்டை வந்து முழந்தாளிட்டார். பாத்திரத்தை நீட்டினேன். பருகினார். சேலைத் தலைப்பை எடுத்துத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். வழக்கமாக நான் அதற்குள் அடுத்தவரிடம் நகர்ந்திருப்பேன். இம்முறை நின்றேன். அவர் நிமிர்ந்து கண்களால் கேட்டார்: போய்விட்டதா? மோவாயின் ஓரத்தில் இன்னும் ஒரு துளி இருந்தது. இருக்கிறது என்று தலையசைத்தேன். துடைத்தார். இப்போது இல்லை என்று தலையசைத்தேன். அதன்பின் அடுத்தவரிடம் போனேன்.

ஜெபம்: ஆண்டவரே, நாங்கள் ஜெபித்து மறந்தவர்களை எங்களுக்கு நினைப்பூட்டும். அவர்களிடம் திரும்பிப் போகும் கால்களையும், கேட்கும் வாயையும், கொடுக்கவும் வாங்கவும் கூசாத கைகளையும் தாரும். ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்